எட்டாத நாட்டை எழுதியவர்: டிரானாவிலிருந்து பிளாவ் வரை

திங்கள், டிரானா

அல்பேனியத் தலைநகர் டிரானாவின் விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயர். அவருடைய அம்மாவும் அக்காவும் கடைசிவரை இந்த ஊரில்தான் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் வெளியே போக அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை, உள்ளே வர தெரசாவுக்கும் கிடைக்கவில்லை. அம்மா 1972-ல் இறந்துபோனார். தெரசா இந்த மண்ணில் கால் வைத்தது 1989-ல். அல்பேனியாவின் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு குடும்பக் கதையே போதும்.

நான் வந்திருப்பது வேறொருவரின் தடம் பார்க்க. எலெஸ் பிபெராய் என்பது அவர் பெயர். இப்போது மான்டிநீக்ரோவில் இருக்கும் பிளாவ் என்ற மலையூரில் பிறந்த அல்பேனியர். அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, 1980-களில் அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் அல்பேனிய மொழிப் பிரிவுக்குத் தலைவரானார். பிற்பாடு அதே நிறுவனத்தில் யூரேசியப் பகுதி முழுவதையும் கவனித்தார். 2020-ல் சில மாதங்கள் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கே தற்காலிக இயக்குநர். நடுவில் அல்பேனியா பற்றி மூன்று கனமான புத்தகங்கள். பகலில் செய்தி, இரவில் ஆராய்ச்சி என்று ஓடியிருக்கிறது வாழ்க்கை.

என் ஆர்வத்துக்குக் காரணம் சிற்றலை வானொலிப் பைத்தியம். எண்பதுகளில் முள்ளைத் திருப்பினால் ரேடியோ டிரானாவின் ஆங்கில ஒலிபரப்பு காதைப் பிளக்கும். இத்துணூண்டு நாடு, ஆனால் அலைவரிசையில் பெரிய வல்லரசுகளுக்குச் சமமான சத்தம். அந்த நாட்டிலிருந்து இவ்வளவு சத்தம் வெளியே வந்தது. உள்ளே போன குரல் எது என்று பிற்பாடு தேடியபோது கிடைத்தவர்தான் பிபெராய்.

மாலையில் ‘இலைகளின் வீடு’ அருங்காட்சியகம். ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில், கொடி படர்ந்த இரண்டு மாடி வீடு. 1931-ல் பிரசவ மருத்துவமனையாகக் கட்டியது. ஜெர்மானியர் பிடித்திருந்தபோது நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போ இங்கே இருந்தது. அதற்கப்புறம் சிகுரிமி என்ற ரகசியப் போலீஸின் ஒட்டுக்கேட்கும் தலைமையிடம். 2017-ல் திறந்தார்கள், 2020-ல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருதும் வாங்கிவிட்டது. உள்ளே படம் எடுக்க விடவில்லை. சுழலும் நாடாப் பதிவுக் கருவிகள், சுவரிலும் மரச்சாமானிலும் ஒளித்து வைத்த ஒலிவாங்கிகள், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று தட்டச்சு செய்த அறிக்கைகள். அரசாங்கம் தன் குடிமக்கள் பேசுவதைக் கேட்க ஒரு வீடு முழுக்க ஆள் வைத்திருந்தது. குடிமகன் வெளிநாட்டு வானொலி கேட்டதாகப் பிடிபட்டால் குற்றவியல் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, அதாவது ‘கிளர்ச்சியும் பிரச்சாரமும்’, அவன்மீது பாய வாய்ப்பிருந்தது. சிறை, குடும்பத்தோடு நாட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு தொலைவான ஊருக்கு விரட்டல், எல்லாம் நடந்திருக்கிறது.

இரவுச் சாப்பாடு கீரை வைத்த பியூரெக். சூடாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஆறினால் ரப்பர்.

செவ்வாய், டிரானா

காலையில் ‘பிளோக்கு’ பகுதி. கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவும் கட்சித் தலைவர்களும் குடியிருந்த இடம், சாதாரண ஜனங்கள் அன்று எட்டிப் பார்க்கவே முடியாது. இன்றைக்கு ஹோஜாவின் வீட்டைச் சுற்றி முழுக்க காபிக்கடைகள். மக்கியாத்தோ ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்புவதில்லை.

அங்கே உட்கார்ந்து யோசித்த விஷயம் இது. நுழையவே முடியாத நாட்டைப் பற்றி நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருந்துகொண்டு ஒருவர் எப்படி ஆராய்ச்சி செய்வார்? அமெரிக்காவுக்கும் அல்பேனியாவுக்கும் அப்போது தூதரக உறவே கிடையாது, 1991 மார்ச்சில்தான் மீண்டும் ஏற்பட்டது. களப்பணி, நேர்காணல், கருத்துக்கணிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தது கட்சிப் பத்திரிகை ‘ஸெரி இ பொபுல்லிட்’, ரேடியோ டிரானாவின் ஒலிபரப்பு, கட்சி மாநாட்டு உரைகள், ஹோஜாவின் முடிவில்லாத நூல் தொகுதிகள். மேடையில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார், இரங்கல் குறிப்பில் எந்த வரிசையில் கையெழுத்து, நேற்றுவரை வந்த பெயர் இன்று ஏன் வரவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் எதையும் ஊகிக்க வேண்டும்.

மெஹ்மெத் ஷெஹு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தேழு வருடம் பிரதமராக இருந்தவர், ஹோஜாவின் வலது கை. 1981 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார் என்று சின்னதாக ஓர் அறிவிப்பு. கொஞ்ச காலம் கழித்து, அவர் ஒரே நேரத்தில் பல நாடுகளுக்கு ஒற்றராக இருந்தவர் என்று ஹோஜாவே அறிவித்தார். வெளியே இருக்கும் ஆய்வாளர் கையில் இருப்பது இந்த இரண்டு அறிவிப்புகள்தான். அவற்றுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை, நேரில் பார்க்காத ஒருவர் பொறுப்போடு எழுத வேண்டும்.

இங்கேதான் பத்திரிகைக்காரனின் பழக்கம் உதவுகிறது என்று நினைக்கிறேன். கோட்பாடு மட்டும் படித்தவர், கிடைத்த துண்டுகளைத் தன் சட்டகத்துக்குள் திணித்துவிடுவார். செய்தி அறையில் வேலை பார்த்தவருக்கு ‘இது உறுதி, இது வதந்தி, இது அவர்கள் சொல்ல விரும்புவது’ என்று பிரிக்கும் பயிற்சி தினமும் கிடைக்கிறது. அவருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. பேராசிரியரின் தப்பான ஊகத்தை அடுத்த ஆய்விதழில் இன்னொரு பேராசிரியர் திருத்துவார். வானொலியில் தப்பாகச் சொன்னால், உயிரைப் பணயம் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவன் அதை நம்பி எதையாவது செய்துவிடுவான்.

மதியம் மாணவர் நகரத்துக்கு நடந்தேன். பெரிய அழகெல்லாம் இல்லை, விடுதிக் கட்டடங்கள், துணி காய்கிற பால்கனிகள். 1990 டிசம்பர் 8 இரவு மின்வெட்டில் எரிச்சலான மாணவர்கள் இங்கிருந்துதான் தெருவுக்கு இறங்கினார்கள். மூன்றே நாளில் கட்சி பல கட்சி முறைக்குச் சம்மதித்தது. டிசம்பர் 12-ல் ஜனநாயகக் கட்சி பிறந்தது, 1991 ஜனவரி 5-ல் அதன் பத்திரிகையான ‘ரிலிந்த்யா தெமொக்ரத்திகே’யின் முதல் இதழ். எதிர்க்கட்சிப் பத்திரிகை என்ற ஒன்றையே பார்த்திராத நாட்டில் அது வெளியானது. பிப்ரவரி 20-ல் ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் ஹோஜாவின் சிலையை இழுத்துக் கீழே தள்ளினார்கள். ஜூன் 22-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் அதே சதுக்கத்துக்கு வந்தபோது லட்சக்கணக்கில் கூட்டம். அமெரிக்காவே சாத்தான் என்று நாற்பத்தைந்து வருடம் பாடம் படித்த மக்கள்! அந்தப் பாடத்தைத் தினமும் சாயங்காலம் அழித்துக்கொண்டிருந்த வானொலிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. முழுப் பங்கும் அதற்குத்தான் என்று சொல்வதும் அதிகப்பிரசங்கித்தனம். இத்தாலியத் தொலைக்காட்சி இருந்தது, பசியும் இருந்தது.

போகிற வழியில் பிரமிடு. ஹோஜாவுக்கு நினைவு அருங்காட்சியகமாக 1988-ல் திறந்தது, 2023-ல் இளைஞர்களுக்கான தொழில்நுட்ப மையமாக மாற்றிவிட்டார்கள். சரிவில் படி வெட்டியிருக்கிறார்கள், உச்சிவரை ஏறலாம். முழங்கால் ஒத்துழைத்தது.

புதன், ஷ்கோதர்

ஃபுர்கோன் என்னும் பகிர்வு வேனில் வடக்கே இரண்டு மணி நேரம். சைக்கிள்களின் ஊர். தாத்தாக்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக ஓட்டிப் போகிறார்கள்.

தங்கிய வீட்டின் பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது, ஓய்வுபெற்ற மின்பணியாளர். பேத்தி மொழிபெயர்த்தாள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கேட்டீர்களா ஐயா என்று கேட்டதும் முதலில் கையை ஆட்டி மறுத்தார். அப்புறம் ராக்கி என்ற சாராயத்தைக் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் பேசினார்.

ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, வானொலியைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்பார்களாம். கேட்டு முடித்ததும் முள்ளை மறக்காமல் டிரானா நிலையத்துக்குத் திருப்பிவைக்க வேண்டும். யாராவது வந்து பார்த்தால் முள் நிற்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் கேட்பது. அவர்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் குழந்தை உண்மையைச் சொல்லிவிடும் என்ற பயம். இத்தாலியத் தொலைக்காட்சிக்குத் தகர டப்பாவில் ஒரு கருவி செய்து ஆன்டெனாவோடு இணைப்பார்கள். இவர் மின்பணியாளர் ஆயிற்றே, தெருவில் பாதிப் பேருக்கு இவரே செய்துகொடுத்திருக்கிறார். “காசு வாங்கினீர்களா?” என்றேன். முட்டையும் பாலாடைக்கட்டியும் வாங்கினாராம்.

பிபெராய் பெயரைச் சொன்னதும் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் புத்தகம் எழுதியவர் என்பது தெரியாது. பேத்திக்கு எதிர்ப்பாடு: பல்கலைக்கழகத்தில் புத்தகத்தின் பெயர் கேள்விப்பட்டிருக்கிறாள், வானொலிக்காரர் என்று தெரியாது. ஒரே மேசையில் உட்கார்ந்து இருவரும் ஒரே ஆளைப் பற்றி வெவ்வேறு ஆளைப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்கு 1991 ஏப்ரல் 2 மறக்காத தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 31-ல், முதல் பல கட்சித் தேர்தல். பழைய கட்சி 250-ல் 169 இடம் வென்றுவிட்டது. கிராமங்கள் பழைய பக்கம், நகரங்கள் புதிய பக்கம். கொதித்துப்போன ஷ்கோதரில் கட்சி அலுவலகத்துக்கு முன்னால் கூடியவர்களில் நான்கு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். சர்வாதிகாரம் விழுந்ததும் ஜனநாயகம் வந்து உட்கார்ந்துவிடாது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. 1998-ல் வந்த பிபெராயின் மூன்றாவது புத்தகம் இந்த இடைக்காலத்தைப் பற்றியது. ஜனநாயகத்துக்குப் போகும் கரடுமுரடான பாதை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அது வெளியாவதற்கு முந்தைய வருடம்தான் மோசடி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, ஜனங்கள் ஆயுதக் கிடங்குகளை உடைத்து, இரண்டாயிரம் பேர் அளவில் செத்து, அரசாங்கமே காணாமல் போயிருந்தது.

வியாழன், கோமன் முதல் ஃபியர்சா வரை

விடியுமுன் வேன். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி, சுரங்கப்பாதை ஒன்றைத் தாண்டினால் திடீரென்று கோமன் படகுத்துறை. தண்ணீருக்கும் மலைக்கும் நடுவே கார்கள், ஆடுகள், ஜெர்மன் சைக்கிள் பயணிகள், தக்காளிப் பெட்டிகள், எல்லோருக்கும் ஒரே அவசரம். படகில் இடம் பிடித்தபின் இரண்டரை மணி நேரம் பேச்சே எழவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, திருப்பத்துக்குத் திருப்பம் ஏரி முடிந்துவிட்டது என்று தோன்றும், மறுபடியும் பாறை விலகி வழி விடும். அந்தரத்தில் தொங்குவதுபோல ஒன்றிரண்டு வீடுகள். படகு நின்று ஒரு பாட்டியையும் மாவு மூட்டையையும் இறக்கிவிட்டது. அங்கிருந்து அவர் எப்படி மேலே போவார் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

இது இயற்கை ஏரி இல்லை, திரின் ஆற்றை அணை கட்டி மறித்தது. பிபெராயின் முதல் புத்தகத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1986-ல் வந்த அந்தப் புத்தகம் அல்பேனியாவுக்கும் சீனாவுக்கும் இருந்த சமமில்லாத கூட்டணியைப் பற்றியது. 1961-ல் அல்பேனியா சோவியத்தோடு முறித்துக்கொண்டது. அந்த இடத்துக்குச் சீனா வந்தது. இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கும் கோடிக்கணக்கான பேர் உள்ள நாட்டுக்கும் உறவு. சீனா கோதுமை தந்தது, இயந்திரம் தந்தது, எல்பசானில் பெரிய இரும்பு ஆலை கட்ட உதவியது, ஒலிபரப்பு நிலையங்களும் அமைத்துக் கொடுத்தது. நான் சிறுவயதில் கேட்ட அந்தக் காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பின்னால் சீன இயந்திரங்கள். ரேடியோ பீக்கிங்கின் ஒலிபரப்பையும் அல்பேனியா தன் நிலையங்களிலிருந்து அஞ்சல் செய்தது.

பதிலுக்கு அல்பேனியாவால் என்ன கொடுக்க முடியும்? குரல் கொடுத்தது. 1971-ல் ஐ.நா. சபையில் தைவான் உட்கார்ந்திருந்த இடத்தை மக்கள் சீனத்துக்கு வாங்கிக்கொடுத்த தீர்மானத்தை முன்நின்று நடத்தியது அல்பேனியாதான். அடுத்த வருடமே நிக்ஸன் பீக்கிங் போய் மாவோவோடு கைகுலுக்கினார், ஹோஜாவுக்கு வயிறு எரிந்தது. 1978 ஜூலையில் சீனா உதவியை நிறுத்திவிட்டது.

இப்போது இரண்டு அணைகளையும் பாருங்கள். படகு போய்ச் சேரும் முனையில் உள்ள ஃபியர்சா, 500 மெகாவாட், சீன உதவியோடு எழுந்து 1978-ல் முடிந்தது. புறப்பட்ட முனையில் உள்ள கோமன், 600 மெகாவாட், முறிவுக்கு அப்புறம் எண்பதுகளில் கட்டியது. 1976 அரசியல் சட்டம் வெளிநாட்டுக் கடனையே தடை செய்திருந்தது, அதனால் கையிலிருந்ததை வைத்தே கட்ட வேண்டியதாயிற்று. கூட்டணி இருந்த காலத்தின் முனைக்கு, தனியாய் நின்ற காலத்தின் முனையிலிருந்து படகில் போகிறோம். சின்ன நாடு பெரிய நாட்டிடம் உதவி வாங்கினால் அடங்கித்தான் நடக்கும் என்று சர்வதேச உறவுப் பாடங்கள் எளிதாகச் சொல்லிவிடும். அல்பேனியா மூன்று புரவலர்களோடு, முதலில் யூகோஸ்லாவியா, பிறகு சோவியத், பிறகு சீனா, வரிசையாகச் சண்டை போட்டுப் பிரிந்த நாடு. அந்த விசித்திரத்தைத் தன் முதல் ஆய்வுக்கு எடுத்தது நல்ல மோப்பம். அதைப் படிக்க நிருபனின் மூக்கும் வேண்டும்.

இறங்கியதும் பய்ராம் சுர்ரி ஊருக்கு வேன். நல்ல மழை. தங்கின இடத்தில் மின்சாரம் போய்விட்டது. இத்தனை மெகாவாட்டுக்குப் பக்கத்தில்!

வெள்ளி, பேயா

எல்லை தாண்டி கொசோவோ. சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஜாக்கோவாவின் பழைய கடைத்தெருவில் ஒரு காபி. 1999 போரில் எரிந்து, பிற்பாடு திரும்பக் கட்டிய மரக்கடைகள்.

இங்கே ஒன்று உறைத்தது. அல்பேனிய மொழி ஒலிபரப்பு என்றால் நாம் அல்பேனியாவை மட்டும் நினைக்கிறோம். அன்று செர்பியாவின் கீழ் இருந்த கொசோவோவிலும் பெரும்பாலோர் பேசுவது அதே மொழிதான். 1990 ஜூலை 5-ல் செர்பிய அதிகாரிகள் பிரிஷ்டினா வானொலி-தொலைக்காட்சியின் அல்பேனிய நிகழ்ச்சிகளை மூடினார்கள். அடுத்த மாதம் கொசோவோ அல்பேனியரின் ‘ரிலிந்த்யா’ நாளிதழும் நின்றது. அல்பேனியாவில் கதவு திறக்கத் தொடங்கிய அதே வருடத்தில் கொசோவோவில் கதவு சாத்தப்பட்டது. அப்போது வாஷிங்டனில் அல்பேனியப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தவருக்கு நேயர்கள் ஒரு நாட்டில் இல்லை, மலைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கத்துக்குத் தேர்தல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும், இன்னொரு பக்கத்துக்குத் தன் ஊரில் நேற்று நடந்ததையே சொல்ல வேண்டும்.

பேயாவிலிருந்து பிளாவுக்கு ருகோவா பள்ளத்தாக்கு, சாகோர் கணவாய் என்று நேர்வழி உண்டு. போருக்குப் பிறகு வாகனங்களுக்கு அடைத்துவிட்டார்கள். நாளைக்குச் சுற்றுவழிதான்.

சனி, பிளாவ்

ரொஸாயே, பெரானே, ஆந்த்ரியெவிட்சா. பேருந்து, காத்திருப்பு, பேருந்து, கடைசியில் மூன்று பேரோடு பகிர்ந்த டாக்ஸி. வளைந்து வளைந்து லிம் ஆற்றோடு வந்தால் பிளாவ் ஏரி, பின்னால் புரோக்லெத்தியே மலைகள், ஜூனிலும் உச்சியில் வெள்ளைத் திட்டு. ஊருக்குள் மசூதிகள், கீழே கல்லும் மேலே மரமுமாக ரெஜெபகிச் காவல்வீடு.

இந்த ஊரின் கதையே யார் யாருக்கு என்பதுதான். 1878 பெர்லின் மாநாடு பிளாவையும் குசினியேவையும் மான்டிநீக்ரோவுக்கு எழுதிக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் குசினியே அலி பாஷா தலைமையில் துப்பாக்கி எடுத்தார்கள். 1880-ல் வல்லரசுகள் மனசு மாறி, இதற்குப் பதிலாக உல்சின் துறைமுகத்தைக் கொடுத்தன. பால்கன் போரில் கடைசியில் மான்டிநீக்ரோவே இதைப் பிடித்தது. வல்லரசுகளின் மேசையில் ஒரு சின்ன மக்கள் எப்படிக் கைமாறுவார்கள் என்பதை இங்கே பிறந்த பையன் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருப்பான். அப்படிப்பட்டவன் சமமில்லாத கூட்டணி பற்றி ஆய்வு எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இது என் ஊகம்தான், அவர் அப்படிச் சொல்லி நான் படித்ததில்லை.

ஏரிக்கரைக் கடைக்காரருக்கு நியூயார்க் ஆங்கிலம். பிராங்ஸில் இருபது வருடம் கட்டட வேலை பார்த்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஆள் உண்டு. ஆகஸ்டில் வாருங்கள், கல்யாணம் கல்யாணமாக இருக்கும், தெருவில் கார் நகராது என்றார்.

2020 கதையை அவரிடம் சொன்னேன். ஜூன் மாதம் மைக்கேல் பேக் என்பவர், வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு மேலே இருக்கும் அரசு நிறுவனத்தின் தலைவராக வருகிறார், டிரம்ப் நியமித்தவர். அவர் பொறுப்பேற்கும் நேரத்தில் வானொலியின் இயக்குநர் அமாண்டா பென்னட் ராஜினாமா செய்கிறார். தற்காலிக இயக்குநர் பொறுப்பு பிபெராயிடம் வருகிறது. செய்தியில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்பது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பழைய விதி. 1976-ல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சாசனமே இருக்கிறது. அந்தத் தடுப்புச் சுவரைத்தான் பேக் இடிக்கப் பார்த்தார். நவம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் அவருடைய தலையீட்டுக்குத் தடை போட்டது. டிசம்பரில் பிபெராயின் இடத்தில் ராபர்ட் ரைலி உட்கார்ந்தார்.

ஒரு கட்சிப் பத்திரிகையின் வரிகளுக்கு நடுவே அதிகாரம் எப்படி நகர்கிறது என்று வாழ்நாளெல்லாம் படித்தவருக்கு, தன் அலுவலகத்திலேயே அப்படிப் படிக்க வேண்டிய நாட்கள் வந்தன. அந்த மாதங்களில் அவர் இன்னும் கடுமையாக எதிர்த்திருக்கலாமா? எதிர்த்திருந்தால் டிசம்பர்வரை இருந்திருக்கவே மாட்டார் என்பதும் ஒரு பதில். எனக்கு வேறொரு சந்தேகம் முன்பிருந்தே உண்டு. ஓர் அரசாங்கத்தின் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு நாட்டின் அரசியலைப் பற்றி எழுதுபவரின் புத்தகத்தை எவ்வளவு நம்பலாம்? சீனா பற்றிய முதல் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன், முனைவர் பட்ட உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1998 புத்தகத்தை, அமெரிக்கா டிரானாவில் யாரை எப்போது ஆதரித்தது என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “இப்போது அந்த ரேடியோ இருக்கிறதா?” என்றார். 2025 மார்ச்சில் டிரம்ப் போட்ட உத்தரவில் 1,300-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே நாளில் விடுப்பில் அனுப்பினார்கள் என்றேன். அப்புறம் நீதிமன்றத்தில் வழக்குமேல் வழக்கு. “எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் நிலத்துக்கு இப்படித்தான் பதினோரு வருடம் நடந்தார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு மீன் கொண்டுபோனார்.

நாளை காலை பொத்கோரிட்சா பேருந்து. அதற்கு முன் குசினியே போய் அலி பாஷா ஊற்றைப் பார்க்கலாமா என்று யோசனை. மழை விட்டால் பார்க்கலாம்.